தூணைப் பாத்துச் சொன்னது

எங்கப்பா எனக்கு முன்னால பத்தடி தூரத்துல நடந்து போறாரு, நான் பத்தடி பின்னால வாரேன், இந்தப் பத்தடியை மெட்ராஸ் ஏர்போர்ட்டுல இருந்து நாங்க ரெண்டு பேரும் சேந்து பத்திரமா தூக்கிட்டு வந்திருக்கோம், செக்கிங்ல கூட எவனும் கண்டுபிடிக்கல. பஸ் நிக்க எடத்துல இருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கணும்னாங்க. கொரியாவுல உல்ஜின்னு ஒரு கடலோர மாவட்டம், அதுக்குள்ள ஒரு பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கோட அடிவயித்துல ஒரு புத்தர் கோயில், அந்தக் கோயிலுக்குப் போற பாதையில சங்கரன்கோவில் பெயிண்ட் கடைக்காரர் ஒருத்தரும் அவரோட உருப்படாத மகனும். கீழ ஆறு ஓடுத சத்தம் கேக்கு. பாறை பூரா வெள்ளை, சும்மா வெள்ளை இல்ல, பழைய சுண்ணாம்புச் சுவத்துல ரெண்டு மழை பேஞ்சு கழுவுன வெள்ளை. பெயிண்ட் கடையில வளந்தவனுக்கு வெள்ளையிலயே பதினேழு வெள்ளை தெரியும், அது ஒண்ணுதான் நான் உருப்படியா படிச்ச படிப்பு. ரெண்டு பக்கமும் பைன் மரம், செவத்த தண்டோட நிமுந்து நிக்கு, என்னையும் காலேஜுல மூணு வருசம் இப்படித்தான் நிப்பாட்டணும்னு பாத்தாங்க, நடக்கல. முன்னால முப்பது தலைக்கு மேல, எல்லாத் தலையிலயும் கம்பெனி குடுத்த ஒரே மாதிரி செவப்புத் தொப்பி, கொரியாக்காரங்க ஒதுங்கி நின்னு பாக்காங்க, ஏதோ கட்சி மாநாட்டுக்குப் போற வழியில கடலைத் தாண்டிட்டோம்னு நெனச்சிருப்பாங்க. இவங்க எல்லாம் தமிழ்நாட்டுல அந்தக் கம்பெனி பெயிண்ட்டை அதிகமா வித்த டீலருங்க. எங்க ஜில்லாவுல எங்கப்பாதான் மொதல். ஒரு ஆளுக்கு ரெண்டு டிக்கெட்டு. ரெண்டாவது டிக்கெட்டு எங்கம்மாவுக்கு வந்தது. அதை எங்கம்மா எனக்குக் குடுத்துட்டா. தூக்கிக் குடுத்துட்டு என்ன சொன்னான்னா, போலே, போயி ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க, பேசாம வந்தீங்கன்னா கதவு தொறக்க மாட்டேன். அஞ்சு நாளாச்சு. நாளைக்கு ஃப்ளைட்டு. எனக்கு என் வீட்டுக் கதவுக் கவலைதான் பெருசா இருக்கு.

எங்கப்பா எங்கிட்டப் பேசி ஏழு மாசம் ஆச்சு. பேச்சே இல்லைன்னு சொல்ல முடியாது, பேச்சு வரும், ஆனா பஸ் மாறி வரும். நான் தட்டுக்கு முன்னால உக்காந்திருப்பேன், அவரு எனக்கு எதுக்க உக்காந்து அம்மாவைப் பாத்து, அவனைக் கொழம்பு ஊத்திக்கிடச் சொல்லு. அம்மா என்னைப் பாத்து, ஏலே கொழம்பு ஊத்திக்கோ. நான் அம்மாவைப் பாத்து, போதும்னு சொல்லும்மா. அம்மா அவரைப் பாத்து, போதுமாம். ஒரு கரண்டிக் கொழம்புக்கு ஐநா சபை நடந்துக்கிட்டிருக்கும். இப்ப அம்மா இல்ல, வேலை ஜெபராஜ் அண்ணன் தலையில விழுந்திருக்கு. ஜெபராஜ் அண்ணன் தூத்துக்குடிக்காரரு, எங்களைக் கூட்டிட்டு வந்த டூர் மேனேஜரு, முப்பத்தெட்டு பேருக்கு ரூம் சாவி, மாத்திரை, ஊறுகாய், மொத்தமும் அவரு பொறுப்பு, அதோட நாங்க ரெண்டு பேரு. பஸ்ஸுல நானும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. அவரு முழங்கை என் முழங்கையில இடிக்கி. அப்படி இடிச்சுக்கிட்டே மூணு சீட்டு தள்ளி நிக்க ஜெபராஜ் அண்ணனைக் கூப்பிட்டு, தம்பி, ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்கி, அவனைத் துண்டு கட்டிக்கிடச் சொல்லுங்க. ஜெபராஜ் அண்ணன் பாவம், தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, நயினாரு, அப்பா துண்டு கட்டச் சொல்லுதாங்க. நான், எனக்குக் காது கேக்கும்ணே. அவரு, எனக்கும் தெரியும்டே. எனக்குப் பேரு சங்கரநயினார், எங்க தாத்தா பேரு, இருபத்தொரு வயசுப் பயலுக்கு எழுபது வயசுப் பேரு, ஹாஸ்டல்ல என்னை நைனான்னு கூப்பிட்டானுவ, தெலுங்குப் பசங்க மட்டும் எதுக்குடா எல்லாரும் இவனை அப்பான்னு கூப்பிடுதாங்கன்னு கொழம்பிப் போயிருந்தானுவ. பின்னால சீட்டுல கோவில்பட்டி வெள்ளத்துரை அண்ணாச்சி, டைல்ஸும் பெயிண்ட்டும் சேத்து விக்கவரு, எதையும் பொறுத்துக்கிடுவாரு அமைதியைத் தவிர. அவரு நேத்து எட்டிப் பாத்துச் சொல்லிட்டாரு, யய்யா, நீங்க ரெண்டு பேரும் பேசாம வரதுல எனக்கு மூச்சு முட்டுது, ஒண்ணு பேசித் தொலைங்க, இல்லன்னா எனக்கு சன்னல் சீட்டு குடுங்க. பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்பா சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டிருந்தாரு. அவரு காது மடல் மட்டும் செவந்துச்சு. சிரிப்பு எனக்குப் பாதியில நின்னுபோச்சு.

அந்த அண்ணாச்சிக்குத்தான் இன்னைக்கு முட்டி வலி. நடக்க மாட்டேன்னு பஸ்ஸுலயே படுத்துட்டாரு, அவருக்குத் தைலம் தேய்க்க ஜெபராஜ் அண்ணனும் நின்னுட்டாரு. அது எங்கப்பாவுக்கு இப்பத்தான் ஒறைக்கி. நடந்துக்கிட்டே ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டாரு, என்னைப் பாக்கல, எனக்குப் பின்னால ஜெபராஜ் வாராரான்னு பாக்காரு. வரல. போஸ்ட்மேன் லீவு. காலையில போஸ்ட்மேன் இருந்தாரு. காலையில கடலுக்கு மேல ஒரு குன்னுல கொண்டுபோயி விட்டாங்க, உச்சியில ஒரு மண்டபம், சுவரே இல்ல, தூணும் கூரையும் மட்டும், செருப்பைக் கழட்டிட்டு ஏறணும், ஏறி நின்னா மூணு பக்கமும் கடல். நான் கடல் பாத்திருக்கேன், ஆனா கடலுக்கு இவ்வளவு மேல நின்னு பாத்ததில்ல, மேல இருந்து பாத்தா அலைக்குச் சத்தம் இல்ல, யாரோ மெதுவா வெள்ளை அடிச்சுக்கிட்டே வாரது மாதிரி வருது, கரையில முட்டுது, அழிச்சிட்டு மறுபடி ஆரம்பிக்கி. அப்பா கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் ஒரு தூண் தள்ளி. அவரு வாய் அசைஞ்சுது, என்னவோ சொன்னாரு, காத்து அதைப் பின்னால கொண்டுபோயிட்டு. எனக்குச் சொன்னாரா, கடலுக்குச் சொன்னாரா, ஸ்ஸ் அப்பாடான்னு மூச்சு விட்டாரா. கேட்டிருக்கலாம், என்னப்பான்னு. அஞ்சே எழுத்து, அவ்வளவுதான். கேக்கல. ஏன் கேக்கலன்னா கேட்டா என்ன வரும்னு எனக்குத் தெரியும், அவரு வாயில இருந்து இல்ல, என் வாயில இருந்து. என் வாய் இருக்கே, அதுக்கு அஞ்சு வினாடி சும்மா இருக்கத் தெரியாது. அப்பா ஏதாவது சொன்னா அது உடனே ஒரு ஜோக்கு அடிச்சிரும், நான் அடிக்கணும்னு இல்ல, தும்மல் மாதிரி, வந்துரும். எச்.ஓ.டி. ரூம்ல வந்த மாதிரி. இல்ல, அதை இப்ப நெனக்க வேண்டாம். ஆறு பாரு. எவ்வளவு அழகா ஓடுது. பச்சையா, ஆழமான எடத்துல பாட்டில் பச்சை, பாறை ஓரத்துல வெளிறுன பச்சை. ஆறு. ஆத்தைப் பாரு. எச்.ஓ.டி. ரூம்.

எச்.ஓ.டி. ரூம்ல ஃபேன் கடகடன்னு ஒரு பக்கமா ஆடிக்கிட்டே ஓடுச்சு. எனக்கு அட்டெண்டன்ஸ் இல்ல, பரீட்சை எழுத விட மாட்டோம், அப்பாவைக் கூட்டிட்டு வான்னாங்க. நான் அந்த செமஸ்டர் பூரா காலேஜ் பஸ் ஏறி காலேஜுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலயே எறங்கிருவேன். எறங்கி என்ன செஞ்சேன்னு கேட்டா ஒண்ணும் இல்ல. நடந்தேன். கிளாஸுல உக்காந்தா எனக்குக் கால் ஆடும், கால் ஆடுனா பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடுனா வாத்தியாரு வெளிய போன்னுவாரு, நான் ஒரு படி முன்னாலயே போயிட்டேன், அவருக்கு வேலை மிச்சம். ஊர் ஊரா நடந்தேன், டீக்கடையில லாரி டிரைவருங்ககிட்டப் பேசுனேன், கோழிப் பண்ணைக்காரன்கிட்டப் பேசுனேன், எல்லாரும் சிரிச்சாங்க, எல்லாருக்கும் என்னைப் பிடிச்சுது, சாயந்தரம் அதே பஸ்ஸுல ஏறி ஹாஸ்டலுக்குப் போயிருவேன். சந்தோசமா இருந்தேனா? இருந்தேன்னுதான் நெனைக்கேன். ராத்திரி மட்டும் நெஞ்சுக்குள்ள யாரோ காலிங் பெல்லை அமுக்கிட்டு ஓடிப் போற மாதிரி இருக்கும். அப்பா வந்தாரு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எச்.ஓ.டி. உக்காரச் சொல்லல. அப்பா நின்னாரு. ரெண்டு கையையும் முன்னால கட்டிக்கிட்டு நின்னு, சார், ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க சார், நான் பாத்துக்கிடுதேன் சார்ன்னாரு. எங்கப்பா கடையில எப்படித் தெரியுமா, இன்ஜினியருங்க வந்து நிப்பாங்க, இந்தச் சுவருக்கு எது நிக்கும்ங்கய்யான்னு கேப்பாங்க, அவரு சுவத்தை நகத்தால சொரண்டிப் பாத்துட்டு ஒரு வார்த்தையில சொல்லுவாரு, மறுபேச்சு கெடையாது. அந்த ஆளு சார் சார்ங்காரு. ஒரு நிமிசத்துல ஆறு சார். எனக்குத் தாங்கல. அந்தச் சத்தத்தை எப்படியாவது நிப்பாட்டணும்னு இருந்துச்சு. வாயைத் தொறந்தேன். சார், என்னை வச்சுக்கிட்டா காலேஜுக்குத்தான் சார் அட்டெண்டன்ஸ் கொறையும், பக்கத்துல இருக்கவனும் கேட்டுட்டு வெளிய வந்துருவான். எச்.ஓ.டி. சிரிச்சிட்டாரு. பக்கத்து டேபிள் மேடம் சிரிச்சிட்டாங்க. அப்பா கட்டியிருந்த கையை அவுத்தாரு. சத்தம் இல்லாம வெளிய போனாரு. அன்னைக்கு பஸ்ஸுல அவரு முன்னால, நான் கடைசி சீட்டு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுனதும் அம்மாவைப் பாத்துச் சொன்னாரு, அவனைச் சாப்பிடச் சொல்லு. அதுதான் மொத லெட்டரு. எல்லாரும் நான் படிப்பை விட்டதுக்கு அவரு பேசலன்னு நெனைக்காங்க. இல்ல. எனக்குத் தெரியும். அவரு கைகட்டி நின்னதை நான் சிரிப்பாக்கிட்டேன். நீங்க அப்படி நிக்கறதைப் பாக்க முடியலப்பான்னு சொல்லணும், அதுதான் விசயம், ஒரு வரி நீளம் கூட இருக்காது, தினமும் குளிக்கையில சொல்லிப் பாக்கேன், சரியா வருது, குழாயை மூடுனதும் போயிருது.

பாதையில தண்ணி கசிஞ்சு ஒரு எடத்துல கல்லு வழுக்குது. அப்பா தாண்டிட்டாரு. தாண்டி நின்னாரு. ஜெபராஜ் அண்ணன் இருந்தா இந்நேரம் தம்பி அவனைப் பாத்து வரச் சொல்லுங்கன்னு வந்திருக்கும். இல்ல. அப்பா ஒரு பைன் மரத்தைப் பாத்தாரு. மரத்துக்கிட்ட, பாசி கெடக்கு, பாத்துத்தான் வரணும்னாரு. யாரு வரணும்னு இல்ல, மொட்டையா. மரம் எங்க நடந்து வரப்போகுது. நான் பாத்துத் தாண்டுனேன். தாண்டிட்டு நானும் அதே மரத்தைப் பாத்து, வந்தாச்சுன்னேன். மரம் ஒண்ணும் சொல்லல, ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளையா நின்னுச்சு. அவரு மறுபடி நடந்தாரு. ஆனா எட்டடி. சத்தியமா எட்டடி, நான் எண்ணிப் பாத்தேன். இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா. நம்பாத, நம்பிக் கெட்டுப் போகாத, இவரு பாட்டுக்கு மூச்சு வாங்கி மெதுவா நடக்காரு, அம்பத்தஞ்சு வயசாச்சு, அதுக்கு நீ ஒரு அர்த்தம் வைக்காத. வெயிலு எலைக்கு நடுவுல சல்லடை போட்டு விழுது. எங்கயோ ஒரு குருவி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கு.

கோயில் திறந்தவெளியா இருக்கு, மதில் பெருசா இல்ல, நடுவுல ஒரு குளம், குளத்துல தாமரை எலை. எங்க கொரியா கைடு சூயோன், என் வயசுதான் இருக்கும், கொடியைத் தூக்கிப் புடிச்சு எல்லாரையும் குளத்தங்கரையில நிப்பாட்டி இங்கிலீஷ்ல சொன்னா, அந்த மலை உச்சியில புத்தர் மாதிரி ஒரு பாறை இருக்கு, அதோட நிழல் இந்தக் குளத்துல விழும், அதனாலதான் கோயிலுக்கு புத்தர் நிழல் கோயில்னு பேரு, பாருங்க. முப்பது செவப்புத் தொப்பி குனிஞ்சுது. எங்க எங்கன்னு சத்தம். மதுரை டீலரு ஒருத்தரு தாமரை எலையைக் காட்டி இதான்ங்காரு, இன்னொருத்தரு அது நம்ம தொப்பிங்காரு. நானும் குனிஞ்சேன். தண்ணியில மொதல்ல தெரிஞ்சது புத்தர் இல்ல, எங்கப்பா. அவரும் என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு, தண்ணி வழியா. ரெண்டு பேரும் டக்குன்னு மலையைப் பாத்தோம், மலையில ரொம்ப அவசரமான வேலை இருக்க மாதிரி. அப்புறம் பெரிய மண்டபம். படிக்கு ரெண்டு பக்கமும் கல்லுல ஆமைத் தலை, மண்டபத்துக்கு அடியில இருந்து எட்டிப் பாக்கு, மிச்ச ஒடம்பு உள்ள உத்தரத்துல இருக்காம், தீப்பிடிக்காம இருக்க வச்சதாம். தலை வெளிய, ஒடம்பு உள்ள, கட்டடத்தைச் சுமந்துக்கிட்டு சும்மா இருக்க மாதிரி மூஞ்சி. ஏழு மாசமா எங்கம்மா இப்படித்தான் இருந்திருப்பா. இதை யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, திரும்பிப் பாத்தேன், அப்பா ஆமையைப் பாக்கல. அண்ணாந்து நிக்காரு. கூரைக்கு அடியில மரத்துல பூராவும் வண்ணம், பச்சை, நீலம், காவி, மஞ்சள், ஓரம் எல்லாம் வெள்ளைக் கோடு, ஒவ்வொரு கட்டை நுனியிலயும் ஒரு பூ. எங்கப்பா வாய் தொறந்திருக்கு. பொம்மைக் கடை முன்னால நிக்க பிள்ளை மாதிரி. நான் அவரை இப்படிப் பாத்ததே இல்ல. அவரு மெதுவா நடந்து ஒரு தூணுக்குப் பக்கத்துல போயி, தொடலாமா கூடாதான்னு கையை நீட்டி எடுத்துட்டு, சுத்திப் பாத்தாரு. யாரும் இல்ல, நானும் சூயோனும்தான். அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும், வேற எது வரலைன்னாலும் பேச வரும். அப்பா தூணைப் பாத்துச் சொன்னாரு, இந்த வண்ணம் எதுல கலந்து அடிச்சிருக்காங்கன்னு கேட்டா தேவலை.

நான் சூயோன்கிட்டக் கேட்டேன். அவ சொன்னா, மண்ணு, கல்லு இதுல இருந்து எடுத்த தூளு, முந்தி பசையில கொழைச்சு அடிப்பாங்க, அடிக்கதுக்கே தனியா பழகுன ஆளுங்க உண்டு. நான் தூணைப் பாத்து, கல்லுத் தூளுதான், பசையில கொழைக்கிறதாம்னேன். அப்பா தூணைப் பாத்து, பசைன்னா மழைக்கு ஊறுமே, அதான் கூரையை இவ்வளவு வெளிய இழுத்து விட்டிருக்கானோ. நான் கேட்டேன். ஆமாங்கா சூயோன், கண்ணு பெருசாகுது, உங்க அப்பா ஆர்க்கிடெக்டாங்கா. நான் தூணைப் பாத்து, கரெக்டாம், ஆர்க்கிடெக்டான்னு கேக்கா. அப்பா காது மடல் செவந்துச்சு, இது வேற செவப்பு. எவ்வளவு வருசத்துக்கு ஒருக்க அடிப்பாங்களாம். அடிக்கதுக்கு முந்தி பழசைச் சொரண்டுவாங்களாமா. பச்சை மொதல்ல அடிக்கிறதா காவி மொதல்லயா. கேள்வி கேள்வியா வருது, தூணுக்கு மூச்சு விட நேரம் இல்ல, நான் இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் இங்கிலீஷுமா ஓடுதேன், ஏழு மாசத்துல எங்கப்பா வாயில இருந்து இவ்வளவு வார்த்தை நான் கேக்கல, ஒண்ணு ஒண்ணையும் கீழ விழாமப் புடிக்கேன், ஒரு ஜோக்கு அடிக்கக் கூட நேரம் கெடைக்கல. சூயோன் கடைசியில மெதுவா என்கிட்டக் கேட்டா, உங்க அப்பா ஏன் தூண்கிட்டப் பேசுதாரு? நான் சொன்னேன், எங்க ஊர்ல தூணுக்கு மரியாதை ஜாஸ்தி. அவ தலையை ஆட்டிக்கிட்டா, நாளைக்கு வேற குரூப்புக்கு இதைச் சொன்னாலும் சொல்லுவா.

மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பந்தல், அதுல கறுப்பு ஓடு அடுக்கி வச்சிருக்கு, வளைஞ்ச ஓடு, நம்ம ஊரு நாட்டு ஓட்டை விட நாலு மடங்கு பெருசு. மொட்டை அடிச்ச ஒரு பிக்குணியம்மா சாம்பல் கலர் உடுப்புல உக்காந்திருக்காங்க. ஓட்டுல வெள்ளைப் பெயிண்ட்டால கொரிய எழுத்து எழுதி வெயில்ல காயுது. சூயோன் சொன்னா, குடும்பத்துல உள்ளவங்க பேரை எழுதிக் குடுத்தா அடுத்த தடவை கூரை மாத்தும்போது இந்த ஓட்டை மேல வச்சிருவாங்க, எழுத்து உள்பக்கம் போயிரும், யாரும் பாக்க முடியாது, ஆனா கோயில் கூரையில அந்தக் குடும்பம் இருக்கும். நான் திரும்பறதுக்குள்ள அப்பா பந்தலுக்குள்ள போயிட்டாரு. காணிக்கையைப் பெட்டியில போட்டாரு, ஓட்டை எடுத்து விரலால சுண்டிப் பாத்தாரு, பெயிண்ட் டப்பாவை மோந்து பாத்தாரு, பிரஷ்ஷை டப்பா வெளிம்புல ரெண்டு பக்கமும் வழிச்சாரு. பிக்குணியம்மா சிரிச்சாங்க, தொழில்காரன்னு தெரிஞ்சிருக்கும். மொதல்ல எழுதுனாரு, ச. பால்வண்ணன். எங்கப்பா பேரு பால்வண்ணன், பேரே ஷேட் கார்டுல இருக்கும். பேரோட நிறுத்துவாருன்னு பாத்தா பக்கத்துல எஸ்.எஸ்.எல்.சி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகையில, காதுகுத்துல, ஃப்ளக்ஸுல, கல்வெட்டுல, எங்க பேரு போட்டாலும் பின்னால படிப்பு வரணும், இல்லன்னா ஆளு வேட்டி இல்லாம நிக்க மாதிரி. ஆனா புத்தருக்கு எதுக்கு எங்கப்பா பத்தாங் கிளாஸு? அடுத்த வரி, ஆவுடையம்மாள், எட்டாம் வகுப்பு. அம்மா எட்டு வரைக்கும் படிச்சது எனக்கே இப்பத்தான் தெரியும். அடுத்தது அக்கா, பா. கோமதி, எம்.எஸ்ஸி., பி.எட்., அதை மட்டும் பெருசா. ஒரு பொட்டு வழியல, வரி கோணல. அடுத்த வரியில பா போட்டாரு, புள்ளி வச்சாரு. சங்கரநயினார். எழுதி முடிச்சிட்டு பிரஷ் மேல எந்திரிச்சுது. எந்திரிச்சு வலது பக்கம் நகந்துச்சு, பழக்கம், கை தன்னால போகுது. போயி அந்தரத்துல நின்னுச்சு.

சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல. பிரஷ் நுனியில பெயிண்ட் ஒரு முத்தா தெரளுது. ஓட்டுல என் பேருக்குப் பின்னால கறுப்பா, வெறுமையா, ஒரு சாண் கெடக்கு. இப்ப பி.இ.ன்னு எழுதுவாரு. எழுதிட்டா என்ன செய்ய? கூரைக்கு மேல நூறு வருசம் ஒரு பொய்யி, அதுல என் பேரு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். இல்ல ஒண்ணும் எழுதாம அடுத்த வரிக்குப் போயிருவாரா, அது அதை விட. ஓடிப்போயி மண்டபத்தைப் பாப்போமா, ஆமையைப் பாப்போமா. கால் ஆடுது. கால் ஆடாத, பந்தல் ஆடுனா பிரஷ் ஆடும். அப்பா இடது கையை நீட்டி அந்த முத்து ஓட்டுல விழாம உள்ளங்கையில வாங்கிக்கிட்டாரு. வாங்கிட்டுத் தலையைத் தூக்குனாரு. பந்தக்கால் பக்கத்துலதான் இருந்துச்சு, நல்ல நேரான மூங்கிக் காலு, பாக்கிறதா இருந்தா அதைப் பாத்திருக்கலாம். அவரு என்னைப் பாத்தாரு.

"ஏலே, பேருக்குப் பின்னால என்ன போட?"

கோவமா இல்ல. குத்திக் காட்டவும் இல்ல. கடையில ஆளுங்ககிட்ட உள்சுவருக்கா வெளிச்சுவருக்கான்னு கேப்பாரே, அந்தக் குரலு. தெரியாததைத் தெரிஞ்சுக்கிடக் கேக்க குரலு. என் வாய் தயாரா நிக்கு, எனக்குத் தெரியுது, வரிசையா வந்து நிக்கு, காலேஜைப் பாதியில துறந்தவன்னு போடுங்க, டிக்கெட் இல்லாப் பயணின்னு போடுங்க, தூண் மொழிபெயர்ப்பாளர்னு போடுங்கப்பா. எல்லாமே நல்ல ஜோக்குதான். எதைச் சொன்னாலும் சூயோனுக்கு மொழிபெயர்த்தா பிக்குணியம்மா கூடச் சிரிப்பாங்க. அன்னைக்கு எச்.ஓ.டி. சிரிச்ச மாதிரி. அப்பா உள்ளங்கையில பெயிண்ட்டோட நிக்காரு, கைரேகையில வெள்ளை எறங்குது. எனக்குத் தெரியலப்பா. அதுதான் இருக்கதிலயே நெசம், ஆனா அதை மட்டும் சொன்னா ஓடு அப்படியே நின்னுபோகும், இன்னைக்கு ஒரு மணி நேரம் நான் அங்கயும் இங்கயும் பேசிக்கிட்டு ஓடுனேன், கால் ஆடல, ஒரு தடவை கூட ஆடல, இதை எப்படிச் சொல்ல, இதுக்கு என்ன பேரு, இதுக்குப் பின்னால எழுத்து உண்டா, எத்தனை வருசம், எங்க படிக்க. ஒண்ணும் தெரியல. ஆனா ஏதோ இருக்கு.

"எடம் விட்டு வைங்கப்பா."

என் குரலு எனக்கே யாரோ மாதிரி கேட்டுச்சு. அப்பா ஓட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மறுபடி ஓட்டைப் பாத்தாரு.

"எவ்வளவு?"

"ரெண்டு விரக்கடை போதும்."

"ரெண்டு பத்தாது."

அவரு பெயிண்ட் படாத விரலைப் பேருக்குப் பின்னால படுக்க வச்சாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு, கொஞ்சம் யோசிச்சு நாலாவதையும் வச்சாரு. எங்கப்பா விரல் தடிச்ச விரலு, நாப்பது வருசமா டப்பா மூடி தொறந்த விரலு. அப்புறம் விரலை எடுத்துட்டு அதுக்குக் கீழ, அந்த எடத்துல படாம, சங்கரன்கோவில்னு எழுதி முடிச்சாரு. அன்னைக்கு அங்க நீங்க கை கட்டி நின்னீங்கல்லா, அதை என்னால பாக்க முடியலப்பா, அதான் அப்படிப் பேசிட்டேன், அப்படின்னு யாரோ சொன்னாங்க, தண்ணிக் குழாய் எதுவும் ஓடல, நான்தான் சொல்லியிருக்கேன். அப்பா பிரஷ்ஷை வழிச்சு டப்பாவுல வச்சாரு. வேட்டிக்குப் பதிலா பேண்ட் போட்டிருந்ததால துடைக்க எடம் தெரியாம அந்தக் கையை விரிச்சு வச்சுக்கிட்டே நின்னாரு. கீழ பாதையில தொப்பிக் கூட்டம் கெளம்பிருச்சு, சூயோன் கொடியை ஆட்டுதா. நான் ஓட்டுப் பக்கம் குனிஞ்சேன், அந்த நாலு விரல் எடத்தைக் கிட்டத்துல பாக்க, என் கை நீண்டிருச்சு போல.

"தொடாதலே, காயட்டும்."